ஆங்கிலம் வாசிக்கப் பழகுவோம்: வீட்டுக்கு வீடு இருபது நிமிஷம்

(தரம் 10 முதல் தரம் 13 வரை படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்குமாக எமது கல்விக் குழு நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமை என்பது நமக்கு ஓய்வு நாள் மட்டும் இல்லை. துணி துவைக்க வேண்டும், விறகு எடுக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் நேரத்தை வீணாக்காமல் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசப் போகிறோம். பெரிய வகுப்பில் படிக்கும் நமது பிள்ளைகள் ஆங்கிலத்தை வாசித்து விளங்கிக் கொள்வது எப்படி என்பதுதான் அந்த விஷயம்.

ஆங்கிலம் பேசுவதைப் பற்றி எல்லோரும் சொல்லுகிறார்கள். “அந்த வீட்டுப் புள்ள இங்கிலீஷ்ல பேசுது” என்றால் நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசுவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். நமது லயத்தில் பிள்ளையோடு ஆங்கிலம் பேச யார் இருக்கிறார்கள்? வாசிப்பதற்கு அப்படி ஆள் தேவையில்லை. ஒரு புத்தகமும் வெளிச்சமும் கொஞ்சம் அமைதியும் இருந்தால் போதும். நமது வசதிக்குள் வைத்து வளர்க்கக்கூடிய ஆங்கிலம் வாசிப்புதான். அதனால்தான் இதை முதலில் எடுத்துக்கொண்டோம்.

நமது பிள்ளைகள் மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் போது ஒன்பது வருஷம் ஆகிவிடுகிறது. அப்படியிருந்தும் அரைப் பக்கம் ஆங்கிலத்தைக் கொடுத்து, “இதுல என்ன சொல்லியிருக்கு?” என்று கேட்டால் பல பிள்ளைகள் தலையைக் குனிந்து கொள்கிறார்கள். இது மூளைக் குறைவு இல்லை. அதே பிள்ளை கணக்கில் நன்றாகச் செய்கிறது. தமிழில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குகிறது. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் ஆங்கில ஆசிரியர் கிடைப்பது கஷ்டம் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆசிரியர் இருக்கும் இடத்திலும் பரீட்சைக்கு வரக்கூடிய கட்டுரை, கடிதம் ஆகியவற்றை மனப்பாடம் செய்வதிலேயே காலம் போய்விடுகிறது. வாசிப்பு என்ற பழக்கம் பிள்ளைக்கு ஏற்படுவதே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண தரத்தில் ஆங்கிலம் ஆறு அடிப்படைப் பாடங்களில் ஒன்று. ஆனால் உயர்தரம் படிக்க ஆங்கிலத்தில் சித்தி கட்டாயம் இல்லை. “இங்கிலீஷ்ல டபிள்யூ வந்தாலும் பரவாயில்ல, ஏ.எல். போகலாம்” என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதன் புள்ளி இசட் புள்ளிக் கணக்கில் சேர்வதில்லை. அதனால் அதையும் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு வாசலிலும் யாரும் தடுக்கவில்லை என்பதால், ஆங்கிலம் இல்லாமலே போய்விடலாம் என்று பிள்ளை நினைக்கிறது.

தடை வருவது அதற்குப் பிறகுதான். கஷ்டப்பட்டு விஞ்ஞானமோ கணிதமோ படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு அங்கே விரிவுரையும் புத்தகமும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தொழில் பயிற்சிக்குப் போன பிள்ளைக்கு இயந்திரத்தின் கைநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. கொழும்பில் வேலைக்குப் போகும் தம்பியிடம் நீட்டப்படும் படிவமும், வெளிநாடு போகும் தங்கச்சி கையொப்பமிடும் ஒப்பந்தமும் பல வேளைகளில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வாசிக்கத் தெரியாதவர், “எங்க கையெழுத்து போடணும்?” என்று மட்டும் கேட்கிறார். வாசிக்கத் தெரிந்தவர், “இந்த மூன்றாவது வரியில சம்பளத்துல வெட்டுவோம்னு இருக்கே, அது என்ன?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்கும் பலத்தைத்தான் நமது பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

சரி, வாசிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் நாள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கொழுந்தையும் பார்க்கிறாள். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா, முத்தினதா, எடுக்கலாமா என்று யோசிக்கிறாள். சாயந்திரம் கூடை நிறைவதில்லை. ஆறு மாதம் போன பிறகு அதே பெண்ணின் கை தானாகப் போகிறது. கண் அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. வாசிப்பும் அப்படித்தான். தொடக்கத்தில் பிள்ளை எழுத்து எழுத்தாகக் கூட்டுகிறது. வசனத்தின் கடைசிக்கு வரும் போது தொடக்கம் மறந்துவிடுகிறது. மனம் முழுவதும் எழுத்தோடு மல்லுக்கட்டுவதால் கருத்துக்கு இடமில்லை. ஒரு சொல்லைப் பல தடவை, பல இடங்களில் பார்த்த பிறகுதான் கண் அதை ஒரே பார்வையில் பிடிக்கும். அப்போதுதான் மனம் கருத்தைக் கவனிக்கும்.

ஆங்கில எழுத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு பயம் உண்டு. தமிழில் 247 எழுத்து, ஆங்கிலத்தில் 26 எழுத்துத்தான். இருந்தும் ஆங்கிலம்தான் கஷ்டம் என்கிறார்கள். காரணம், ஓர் எழுத்துக்குப் பல சத்தம் இருக்கிறது. ‘ஏ’ என்ற எழுத்து கேக் என்ற சொல்லில் ஒரு மாதிரி, கார் என்ற சொல்லில் ஒரு மாதிரி, போல் என்ற சொல்லில் வேறு மாதிரி ஒலிக்கிறது. கத்தியைக் குறிக்கும் நைஃப் என்ற சொல்லின் முன்னால் ‘கே’ நிற்கிறது. ஆனால் அது சத்தம் போடுவதில்லை.

இதற்குப் பயப்பட வேண்டாம். தமிழிலும் நாம் இதையே செய்கிறோம். ‘க’ என்ற ஒரே எழுத்தைக் கல் என்னும் போது ஒரு மாதிரியும், தங்கம் என்னும் போது ஒரு மாதிரியும், மகன் என்னும் போது வேறு மாதிரியும் வாசிக்கிறோம். யாரும் விதி சொல்லித் தரவில்லை. வாசித்து வாசித்துப் பழகியது. ஆங்கிலத்திலும் சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் பார்த்தால் இந்தப் பழக்கம் வந்துவிடும். லைட் என்ற சொல்லின் நடுவில் ‘ஜீ’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்தும் பேசாமல் நிற்கின்றன. நைட், ரைட், ஃபைட், டைட் என்ற சொற்களிலும் அதே இரண்டு எழுத்துக்கள் அதே இடத்தில் அப்படியே நிற்கின்றன. ஒன்றைப் பழகினால் ஐந்தும் வந்துவிடும்.

இனி வாசிக்கும் முறையைப் பற்றி மாணவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறோம். தம்பி தங்கச்சிமார் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, உங்கள் அளவுக்கு ஏற்ற புத்தகத்தை எடுங்கள். பதினோராம் தரத்தில் இருக்கிறேன், ஆகவே பதினோராம் தரப் புத்தகத்தைத்தான் வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூறு சொல்லில் 80 மட்டும் தெரிந்தவர்களில் ஒருவருக்குக் கூட அந்தப் பகுதி போதிய அளவு விளங்கவில்லை. 98 சொல் தெரிந்தால்தான் பெரும்பாலோருக்குத் துணையில்லாமல் விளங்கும் என்று அவர்கள் கண்டார்கள். ஐந்து சொல்லுக்கு ஒரு சொல் தெரியாத பக்கத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இரவு முழுக்க விழித்திருந்தாலும் பலன் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அளந்து பார்ப்பது சுலபம். ஏறக்குறைய நூறு சொல் உள்ள ஒரு பகுதியை எடுங்கள். தெரியாத சொல் வரும் போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ரெண்டு விரல் மடங்கினால் அது தனியாக வாசிக்க நல்ல புத்தகம். ஐந்து விரல் வரை போனால் யாராவது கூட இருந்து உதவ வேண்டும். ஒரு கை போதவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதற்குக் கீழ்த் தரப் புத்தகத்தை எடுங்கள். ஏழாம் தரப் புத்தகம்தான் பொருந்துகிறது என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. தம்பியின் புத்தகத்தை அண்ணன் வாசித்தால் யாரும் சிரிக்கக் கூடாது. பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். “இத்தனை வயசாகியும் சின்னப் புள்ள புத்தகமா?” என்ற ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளை புத்தகத்தை மறுபடி தொடாது.

இந்தப் புத்தகங்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய பாடநூல் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பாடநூல்களை இலவசமாகப் பார்க்கலாம். வீட்டில் போன் இருந்தால் அதை இந்த வேலைக்கும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, தினமும் வாசியுங்கள். மலையில் கொழுந்து ரவுண்டு தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கொழுந்து முத்திப் போகும். அடுத்த ரவுண்டில் பாடு அதிகம். வாசிப்பும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் இருப்பதை விட, ஒவ்வொரு நாளும் இருபது நிமிஷம் இருப்பது நல்லது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மெதுவாக வாசிக்கும் பிள்ளை நிமிஷத்துக்கு 50 சொல் வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிஷத்தில் 1,000 சொல். வருஷத்தில் 300 நாள் வாசித்தால் மூன்று இலட்சம் சொல். வகுப்பில் மட்டும் வாசிக்கும் பிள்ளைக்கு வாரத்துக்கு 200 சொல்லில் இரண்டு பாடம், வருஷத்துக்கு நாற்பது வாரம் என்று வைத்தால், 16,000 சொல்தான் வருகிறது. இந்த வித்தியாசத்தை எந்த டியூஷனும் நிரப்பாது.

மூன்றாவது, ஒரே பகுதியை மூன்று தடவை வாசியுங்கள். முதல் தடவை என்ன விஷயம் என்று பார்க்க. இரண்டாவது தடவை தெரியாத சொல்லைக் கவனிக்க. மூன்றாவது தடவை தடங்கல் இல்லாமல், சத்தமாக. அமெரிக்காவில் சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பத் திரும்ப வாசிக்கும் இந்த முறையைப் பற்றி 1979இல் எழுதினார். தடுமாறி வாசித்த பிள்ளைகள் ஒரே பகுதியைத் திரும்ப வாசித்த போது வேகம் கூடியது. அதன் பிறகு புதிய பகுதியைத் தொடங்கும் போதும் முன்பை விட நன்றாக வாசித்தார்கள்.

நான்காவது, ஒவ்வொரு சொல்லின் மேலும் தமிழை எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புத்தகம் முழுக்கப் பென்சிலில் தமிழ் எழுதி வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் கண் தமிழைத்தான் வாசிக்கும். அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் செயல் கடைசியில் வருகிறது. ‘கண்டக்டர் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தினார்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘கண்டக்டர், நிறுத்தினார், பஸ்ஸை, பக்கத்தில், பாலத்துக்கு’ என்ற ஒழுங்கில் வரும். செயல் இரண்டாவது இடத்திலேயே வந்துவிடுகிறது. தமிழ்ப் பழக்கத்தில் கடைசி வரை காத்திருந்தால் வசனம் கைதவறிப் போகும். ஆகவே வசனத்தைக் கண்டவுடன் இரண்டு கேள்வி கேளுங்கள்: யார்? என்ன செய்தார்? இந்த இரண்டும் கிடைத்த பிறகு எங்கே, எப்போது, எதற்காக என்பதைத் தேடுங்கள். நீளமான வசனமும் பிடிபடும்.

தெரியாத சொல் வந்தால் உடனே அகராதிக்கு ஓட வேண்டாம். அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, முன்னும் பின்னும் உள்ள வசனத்தைப் பார்த்து இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகியுங்கள். பக்கம் முடிந்த பிறகு அகராதியில் பார்த்து, ஊகம் சரியா என்று சோதியுங்கள். நீங்களே ஊகித்துச் சரிபார்த்த சொல் மறக்காது. ஒரு நாளைக்கு ஐந்து சொல்லைக் கொப்பியில் எழுதினால் போதும். அதோடு அந்தச் சொல் வந்த வசனத்தையும் எழுதுங்கள். மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் வங்காளத்தில் டாக்கா நகரில் வேலை செய்தவர். அங்குள்ள பிள்ளைகளுக்கு முதலில் தேவை வாசிப்பு என்று சொல்லி, அவர்களுக்காகச் சுலபமான வாசிப்புப் புத்தகங்களை எழுதினார். பிறகு 1953இல் அடிக்கடி பயன்படும் ஏறக்குறைய 2,000 ஆங்கிலச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். சாதாரணமான எழுத்தில் வரும் சொற்களில் பெரும் பகுதி இந்த 2,000க்குள் அடங்கும். தினமும் ஐந்து சொல் என்றால் நானூறு நாள் கணக்கு. பத்தாம் தரத்தில் தொடங்கும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு முன் முடித்துவிடலாம்.

ஐந்தாவது, சின்னச் சொற்களை மதியுங்கள். நொட், ஒன்லி, பிஃபோர், ஆஃப்டர், அன்லெஸ், எக்செப்ட் போன்ற சொற்கள் பார்க்கச் சின்னவை. ஆனால் ஒரு நோட்டீசின் கருத்தை அவைதான் தலைகீழாக மாற்றுகின்றன. மருந்துப் போத்தலில் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும், விண்ணப்பத்தில் யார் போடலாம், யார் போடக் கூடாது என்பதும் இப்படி ஒரு சொல்லில்தான் இருக்கிறது. பரீட்சையில் கூட, விஷயம் தெரிந்த பிள்ளை இந்தச் சின்னச் சொல்லைத் தவறவிட்டுப் புள்ளியை இழக்கிறது. பரீட்சை வாசிப்புப் பகுதிக்கு முதலில் கேள்விகளைப் பாருங்கள். திகதி, இடம், பெயர் கேட்டால் பகுதியில் அதை மட்டும் தேடுங்கள். ஏன், எப்படி என்று கேட்டால் அந்தப் பந்தியை முழுவதும் ஆறுதலாக வாசியுங்கள்.

ஆறாவது, ஆங்கிலம் நமக்கு முழுக்க அந்நியமானது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். லயம் என்பது லைன் என்ற சொல்லிலிருந்து வந்தது. பெரட்டு என்று நாம் சொல்வது பரேட் என்ற சொல். செக்ரோல் அப்படியே ஆங்கிலம். ஸ்டோரில் வேலை செய்யும் தகப்பனிடம் கேளுங்கள்: விதரிங், ரோலிங், சிஃப்டிங் என்று வரிசையாகச் சொல்லுவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! இலை வாடுவதற்கு விதர், அதனோடு ‘இங்’ சேர்த்தால் வாட்டும் வேலை விதரிங் என்று பிள்ளைக்கு விளங்கினால், ‘இங்’ சேரும் மற்றச் சொற்களும் விளங்கும். மருந்துப் பெட்டி, உரப் பை, மருந்தடிக்கும் போத்தல், பஸ் பலகை, டீ பெட்டி என்று நம்மைச் சுற்றி ஆங்கில எழுத்து கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒன்றை வாசித்து விளங்கிக் கொள்ளலாம்.

இதெல்லாம் வெறும் பேச்சா, நடந்த காரியமா என்று நீங்கள் கேட்கலாம். பிஜித் தீவை எடுத்துக்கொள்வோம். 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டு போன நாடு அது. 1980இல் அங்கே எலி, மங்குபாய் என்ற இரண்டு கல்வியாளர்கள் புத்தக வசதி இல்லாத கிராமத்துப் பாடசாலைகளில் ஒரு முயற்சி செய்தார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுலபமான, படமுள்ள, சுவையான ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வகுப்புக்கு 250 அளவில் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதிப் பிள்ளைகள் அவற்றைத் தாங்களாகவே அமைதியாக வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஆசிரியரோடு சேர்ந்து வாசித்தார்கள். மற்றப் பாடசாலைகளில் வழக்கமான பாடமே நடந்தது. எட்டு மாதத்தில், புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்பு சாதாரண வேகத்தைப் போல் இரண்டு மடங்கு முன்னேறியது. இரண்டாம் வருஷ முடிவில் எழுத்திலும் இலக்கணத்திலும் கூட அந்த நன்மை தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் நமது மாணவர்களை விட வயதில் சிறியவர்கள். ஆனால் அவர்களுக்கும் வீட்டில் ஆங்கிலம் இல்லை, பாடசாலையிலும் புத்தகம் இருக்கவில்லை. நமது நிலைமையும் அதுதானே?

இனிப் பெற்றோருக்கு வருகிறோம்.

“எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது, நாங்க எப்படிங்க இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறது?” என்று கேட்கிறீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே மூன்று காரியம்.

ஒன்று, நேரம். ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் பிள்ளைக்குத் தனி மேசை கொடுக்க முடியாது. ஆனால் இருபது நிமிஷம் டீவியை நிறுத்த முடியும். போனில் பாட்டைக் குறைக்க முடியும். இஸ்தோப்பில் ஒரு லைட் போட்டுக் கொடுக்க முடியும். எந்த நேரம் என்பதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு, அந்த நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.

இரண்டு, கேள்வி. வாசித்து முடிந்ததும், “இன்னைக்கு என்ன படிச்ச? தமிழ்ல சொல்லு, கேப்போம்” என்று கேளுங்கள். கதையைத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளை விளங்கித்தான் வாசித்திருக்க வேண்டும். சொல்லும் போது தடுமாறினால், “அப்புறம் என்ன ஆச்சு? ஏன் அப்படிச் செஞ்சான்?” என்று கேளுங்கள். பிள்ளை மறுபடி புத்தகத்தைத் திறக்கும். கொழுந்துக் கூடையைத் தூக்கிய தோளோடு அடுப்படியில் உட்கார்ந்து கேட்கும் அம்மா, அந்தப் பிள்ளைக்கு நல்ல வாத்தியார்.

தமிழ் வாசிப்பையும் விட்டுவிடாதீர்கள். தாய்மொழியில் நன்றாக வாசிக்கும் திறமை இரண்டாம் மொழிக்கும் உதவுகிறது என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் எழுதினார். ஒரு பந்தியின் முக்கிய கருத்தைத் தமிழில் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் அது வரும். இங்கிலீஷ் படிக்கிறான் என்று தமிழ்க் கதைப் புத்தகத்தைப் பிடுங்கி வைப்பது இரண்டையும் கெடுக்கும்.

மூன்று, பெண் பிள்ளைகள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்கூல் விட்டு வந்ததும் பையன் கிரிக்கெட் விளையாடப் போகிறான். அவனோடு ஒரே வகுப்பில் படிக்கும் பெண் பிள்ளை தண்ணீர் பிடிக்கிறது, சோறு வைக்கிறது, தம்பியைப் பார்த்துக்கொள்கிறது, அம்மா வரும் முன் வீட்டைக் கூட்டுகிறது. எல்லாம் முடிந்து புத்தகத்தை எடுக்கும் போது தூக்கம் வந்துவிடுகிறது. பிறகு ரிசல்ட் வந்ததும், “இவளுக்குப் படிப்பு ஏறல” என்று சொல்லி வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். ஏறாமல் இல்லை, நேரம் கிடைக்கவில்லை. தண்ணீர் பிடிக்கும் வேலையைப் பையன் செய்தால் அந்த இருபது நிமிஷம் அவளுக்குக் கிடைக்கும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செய்வதோடு, தோட்டமாகச் சேர்ந்தும் சில காரியம் செய்யலாம். பழைய பாடநூல், கதைப் புத்தகம், ஆங்கிலப் பேப்பர் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டுக் கோவிலிலோ வாசிகசாலையிலோ பிள்ளைக்காம்பராவிலோ வைக்கலாம். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை அதற்குப் பொறுப்பாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கதை வாசித்துக் காட்டலாம். சின்னவர்களுக்குக் காது பழகும். பெரியவர்கள் அதைச் சாட்டாக வைத்துச் சுலபமான புத்தகத்தை வெட்கமில்லாமல் வாசிப்பார்கள்.

பொது நூலகத்தையும் கேட்க வேண்டும். 2018ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை நிதியைச் செலவிட வழி ஏற்பட்டது. றோட்டுக்கும் தண்ணீருக்கும் மனுக் கொடுப்பது போல, பக்கத்து நூலகத்தில் சுலபமான ஆங்கில வாசிப்புப் புத்தகங்கள் வைக்கும்படியும், தோட்டப் பிள்ளைகளை அங்கத்தவராகச் சேர்க்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கமும் இதில் முன்னுக்கு நிற்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்டவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். வட்டக்கொடையில் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அதற்குப் பதிலாக வாழ்ந்து காட்டினார். ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர். லயத்து வாழ்க்கையையும் நமது பாடுகளையும் அவர் தமிழிலும் எழுதினார், ஆங்கிலத்திலும் எழுதினார். நமது கஷ்டத்தை வெளியுலகம் நமது ஆளின் வாயாலேயே ஆங்கிலத்தில் அறிந்தது. தோட்டங்களின் கணக்கும் கடிதமும் ஆங்கிலத்தில் ஆபிசுக்குள்ளே நடந்த காலத்தில், நம்மைப் பற்றி எழுதியதை நம்மால் வாசிக்க முடியாமல் இருந்தது. அந்த நிலைமை நமது பிள்ளைகளோடு முடிய வேண்டும்.

மாணவர்களே, மூன்று மாதம் இந்தப் பழக்கத்தைச் செய்து பாருங்கள். இன்றைக்கு விரல் மடக்கிப் பார்த்த பக்கத்தின் இலக்கத்தைக் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தை எடுத்து மறுபடி விரலை மடக்குங்கள். எத்தனை விரல் குறைந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எங்களிடமும் வந்து சொல்லுங்கள்.

பெற்றோர்களே, இன்று இரவு சாப்பாட்டுக்கு முன் அந்த இருபது நிமிஷம் எது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.